ஐம்பதை நெருங்கும்போது ஒரு பேண்டு: சொந்தப் பாட்டோடு மேடை ஏற ஒரு முழு வழிகாட்டி

நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் "பேண்டு ஆரம்பிக்கிறேன்" என்று சொன்னால் நம் ஊரில் இரண்டு கேள்விகள் வரும். "கல்யாணத்துக்கெல்லாம் வாசிப்பீங்களா?" அடுத்தது, "சினிமாவுக்கு டிரை பண்றீங்களா?" இரண்டும் இல்லை, நாங்களே எழுதி மெட்டுப் போட்ட பாட்டை நாலு பேர் சேர்ந்து வாசிக்கப் போகிறோம் என்று சொன்னால், கேட்டவர் சட்டென்று பேச்சை மாற்றி வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிப்பார்.

அந்த விசாரிப்பைத் தாண்டியும் ஆசை மிச்சமிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பார்த்துப் பழகிய களம் சென்னை. ஆனால் மதுரையிலோ கோவையிலோ இருப்பவருக்கும் பெரும்பாலானவை பொருந்தும். நடு வயதில் பேண்டு ஆரம்பிப்பவர்களுக்கு வயது பெரிய தடை என்று எனக்குத் தோன்றவில்லை. விரல் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். பெரிய தடை சினிமாப் பாட்டு. நாம் எல்லாரும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். கையில் கிடார் வந்தவுடன் விரல் தானாக அங்கேதான் போகும். சொந்தப் பாட்டுக் குழு நடத்துவதில் பாதி வேலை, அந்த இழுப்புக்கு நடுவே நம் பாட்டுக்கு இடம் ஒதுக்குவதுதான். கீழே சொல்லும் பல விஷயங்கள் அதற்கான ஏற்பாடுகளே.

முதலில் மூன்று பாட்டு, பிறகுதான் ஆட்கள்

பெரும்பாலானோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் கிடார் வாங்குவார்கள், பிறகு வாட்ஸாப் குழு, பிறகு பேண்டுக்குப் பெயர், அதற்கொரு லோகோ. பாட்டு மட்டும் இருக்காது. ஒன்றாகக் கூடும் நாளில் வாசிக்க எதுவும் இல்லாததால் எண்பதுகளின் பாட்டு ஒன்றை எடுப்பார்கள். அது நன்றாகவும் வந்துவிடும். அதோடு அந்தக் குழு லைட் மியூசிக் குழுவாகிவிடும்.

அதனால் யாரையும் கூப்பிடுவதற்கு முன் மூன்று பாட்டை முடித்து வையுங்கள். முடித்து என்றால் பல்லவி, குறைந்தது இரண்டு சரணம், பாட்டு எப்படி நிற்கிறது என்பது வரை. நாலு வரி ஹம்மிங்கைப் பாட்டு என்று கணக்கில் சேர்க்காதீர்கள். போனில் இருக்கும் ரெக்கார்டர் போதும். தோன்றும்போதெல்லாம் பாடி வைத்து, தேதியோடு ஒரு பெயரும் கொடுத்து விடுங்கள். "புது ரெக்கார்டிங் 47" என்று கிடப்பதை நீங்களே மறுபடி திறக்க மாட்டீர்கள்.

எதைப் பற்றி எழுதுவது? இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஐம்பது வயதுக்காரர் கல்லூரிக் காதல் எழுதினால் அது நினைவிலிருக்கும் சினிமாப் பாட்டின் நகலாகத்தான் வரும். வீட்டுக் கடன் முடிந்த மாதம், வெளியூருக்குப் படிக்கப் போன மகளின் அறை, அப்பாவின் மருந்து டப்பா, இருபது வருடமாகப் போகும் அதே மின்சார ரயில், இதையெல்லாம் இருபத்திரண்டு வயதுப் பையன் எழுத முடியாது. அவனுக்குக் குரல் இருக்கிறது, வேகம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது விஷயம்.

இனி வார்த்தை. மெட்டு முதலில் வந்தால் அதைத் தத்தகாரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் மெட்டுக்கு எழுதும் கவிஞர்கள் செய்வதும் இதுதான். உதாரணமாக உங்கள் மெட்டு "தன தானே தன தானே" என்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். "இது வீடா, சிறு கூடா" என்றால் அச்சாக உட்காரும். 'தன' இருக்குமிடத்தில் குறில், 'தானே' இருக்குமிடத்தில் நெடில். அதே இடத்தில் "இது மனை" என்று போட்டுப் பாடிப் பாருங்கள். 'தானே'வுக்காக இழுக்கும்போது 'மனை' என்பது 'மானை' ஆகிவிடும். கேட்கிறவர் காட்டுக்குள் போய்விடுவார். வனம் வானமாவதும் இப்படித்தான். நீளமான ஸ்வரத்தில் நெடிலோ, மெய்யெழுத்தில் முடியும் கனமான அசையோ விழுகிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். புதிதாகத் தமிழில் பாட்டெழுதுகிறவர்களின் வரி "ஒட்டவில்லை" என்று தோன்றுவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான். எதுகை மோனை தானாக வந்தால் வரட்டும். அதற்காகப் பொருளை வளைக்க வேண்டாம்.

வடிவத்திலும் ஒரு எச்சரிக்கை. நம் காதுக்குப் பழகிய அமைப்பு பல்லவி, நீண்ட இடையிசை, சரணம், மறுபடி இடையிசை, சரணம். அந்த இடையிசையில் நாற்பது வயலின் இருந்தது. உங்களிடம் ஒரு கீபோர்டுதான் இருக்கப் போகிறது. இடையிசையை நாலு பாரோடு (நாலு தாளச் சுற்றோடு) முடித்துவிட்டு வார்த்தைக்குத் திரும்புங்கள். மூன்றரை, நாலு நிமிடத்தில் பாட்டு முடியட்டும்.

கட்டை பார்ப்பது

வயது ஏற ஏற மேல் ஸ்தாயியில் குரல் எட்டுவது குறையும். கல்லூரி நாளில் எட்டிய ஸ்வரம் இப்போது பாத்ரூமில் மட்டும் எட்டும். பாட்டின் உச்ச வரியை, சரணத்தின் கடைசியில் வருமே அதை, மூன்று முறை தொடர்ந்து பாடுங்கள். மூன்றாவது முறை கழுத்து நரம்பு புடைத்தால் சுருதியை ஒரு கட்டை இறக்குங்கள். இறக்கியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ரிகர்சலில் ஒரு முறை பாடுவதும், வியர்த்துக்கொண்டே மேடையில் ஐந்தாவது பாட்டாகப் பாடுவதும் வேறு.

சுருதியைப் பற்றிப் பாடகர் கட்டையில் பேசுவார், கிடாரிஸ்ட் இங்கிலீஷ் எழுத்தில் பேசுவார். இரண்டையும் இணைக்கும் கணக்கை எல்லாரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. பாடகருக்கு ஒன்றரைக் கட்டை சௌகரியம் என்றால் கிடாரிஸ்ட் முதல் ஃபிரெட்டில், அதாவது கழுத்தின் முதல் கட்டத்தில், கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) மாட்டிக்கொண்டு சி கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பிடித்தால் முடிந்தது. இரண்டரைக்கு அதே கேப்போவோடு டி. "எனக்கு ஜி-யில்தான் வாசிக்க வரும்" என்று கிடாரிஸ்ட் சொன்னால் அவருக்கு ஒரு கேப்போ வாங்கிக் கொடுங்கள். சுருதி பாடுகிறவருக்கானது.

ஆட்கள்

நாலு பேர் போதும். ஐந்தாவது ஆள் சேர்ந்தால் இசை எவ்வளவு கூடுகிறதோ தெரியாது, எல்லாருக்கும் ஒத்துவரும் ஞாயிற்றுக்கிழமை கிடைப்பது பாதியாகக் குறைந்துவிடும்.

எங்கே தேடுவது? நம் ஊரில் கிடாரும் கீபோர்டும் நன்றாக வாசிக்கும் நடு வயதுக்காரர்களில் நிறையப் பேர் சர்ச் கொயரில் வளர்ந்தவர்கள். இரண்டாம் குரல், மூன்றாம் குரல் சேர்த்துப் பாடவும் அவர்களுக்குத் தெரியும், மற்றவர்களிடம் அது அபூர்வம். பஜனைக் குழுக்களில் தபலா, டோலக் ஆட்கள் இருப்பார்கள். பெரியவர்களுக்கு வகுப்பெடுக்கும் இசைப் பள்ளிகள், அடுக்குமாடி வாட்ஸாப் குழுக்கள், அலுவலக ஆண்டு விழா மேடை, எல்லாம் தேடத் தக்க இடங்கள். டிரம்ஸுக்கு உங்கள் வயதில் ஆள் கிடைக்காவிட்டால் இருபத்தைந்து வயதுப் பையனையோ பெண்ணையோ கூப்பிடுங்கள். அங்கிள் என்று கூப்பிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிசைக் குழுவில் பல வருடம் வாசித்தவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கை சுத்தமாக இருக்கும், மேடை பயம் இருக்காது. ஆனால் அவர் முதலில் கேட்கும் கேள்வி, "ஒரிஜினல் டிராக் அனுப்பிடுங்க சார், கேட்டுட்டு வந்துடறேன்." அவர் தொழில் அது, பதிவான பாட்டை ஒரு சங்கதி பிசகாமல் மேடையில் கொண்டு வருவது. உங்கள் பாட்டுக்கு ஒரிஜினல் டிராக் கிடையாது, அவர் வாசிக்கப் போவதுதான் ஒரிஜினல். முதல் இரண்டு ரிகர்சலில் அவர் கொஞ்சம் தடுமாறுவார். ஒரு கிடாரும் குரலும் மட்டும் வைத்து போனில் பதிந்த டெமோவையும், வரிக்கு மேல் கார்டு எழுதிய தாளையும் முன்கூட்டியே அனுப்பினால் பாதிச் சிக்கல் தீரும். இன்னொன்று, ஆடியில் கல்யாணம் இல்லையே, ஓய்வாக இருப்பார் என்று கணக்குப் போடாதீர்கள். அம்மன் கோவில் கச்சேரிகள் அப்போதுதான் குவியும்.

சேர்க்கும் முன் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள். மாதத்தில் எத்தனை முறை வர முடியும்? வீட்டில் தெரியுமா? மற்றவர் எழுதிய பாட்டை வாசிக்கச் சம்மதமா? மூன்றாவது கேள்விக்குத் தயங்குகிறவர் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் பின்னால் தகராறு வரும். அலுவலகத்தில் உங்களுக்கு மேலதிகாரியாகவோ கீழே வேலை பார்ப்பவராகவோ இருப்பவரைச் சேர்க்காமல் இருந்தால் உத்தமம். "சார், அந்த இடத்துல நீங்க தாளம் விடறீங்க" என்று மேலதிகாரியிடம் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

வாங்குவதும் வாங்காததும்

ஆரம்பத்தில் வாங்க வேண்டியது குறைவு. எலெக்ட்ரோ-அகூஸ்டிக் கிடார் ஒன்று, கீபோர்டு ஒன்று, பேஸ் கிடார் ஒன்று, தாளத்துக்குக் கஹோன். கஹோன் என்பது மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி. டிரம்ஸில் பாதி வேலையைச் செய்யும், காரின் பின் சீட்டில் அடங்கும், பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துக்கொள்வார். பாட ஒரு டைனமிக் மைக். ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 1966-லிருந்து விற்கிறது, கீழே போட்டாலும் உடையாது. போலிகளும் நிறைய, அதனால் தெரிந்த கடையில் வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் மாதிரியான பழைய கடைகளுக்கு நேரில் போய் வாசித்துப் பார்த்து வாங்குவது நல்லது. கிடாரின் கழுத்து உங்கள் கைக்கு ஒத்துவருகிறதா என்று இணையத்தில் தெரியாது. கேபிள், ஜாக் எல்லாம் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில்.

இந்த வயதில் பார்க்க வேண்டிய முக்கியமான அளவு எடை. இளைஞர்கள் ஆசைப்படும் பெரிய கிடார் ஆம்ப் முப்பது கிலோவை நெருங்கும். லிஃப்ட் இல்லாத மாடியில் இருக்கும் ரிகர்சல் ரூமுக்கு அதைத் தூக்கிப் போய்வந்த மறுநாள் ஆர்த்தோ டாக்டரிடம் போக வேண்டியிருக்கும். ஒரு கையில் தூக்க முடியாததை வாங்காதீர்கள். அகூஸ்டிக் கிடாருக்கு 12 அளவுக் கம்பிக்குப் பதிலாக மெல்லிய 10 அளவு போட்டால் விரல்நுனி தப்பிக்கும்.

காது, தோள், கண்

இதைச் சும்மா படித்துவிட்டுப் போகாதீர்கள். வேலையிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு மணி, 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். சின்ன அறையில் முழு டிரம்ஸும் ஆம்பும் சேர்ந்தால் 100 சாதாரணமாக வரும். ஐம்பது வயதுக் காது ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது. ரிகர்சல் முடிந்து வீட்டுக்கு வந்தபின் காதில் "ங்ங்" என்று இரைந்தால் அது எச்சரிக்கை. இசைக்காரர்களுக்கென்றே விற்கும் காதடைப்பான்கள் எல்லா ஸ்வரத்தையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும். பஞ்சு வைத்தால் மேல் ஒலி மட்டும் போய் எல்லாம் கம்பளிக்குள் கேட்பது போல இருக்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். கிடாரை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நிற்காதீர்கள், உட்கார்ந்து வாசியுங்கள். பாடல் தாளை 20 புள்ளி எழுத்தில், ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் என்று அச்சிடுங்கள். புரோகிரஸிவ் கண்ணாடி போட்டவர்களுக்கு மியூசிக் ஸ்டாண்டு இருக்கும் தூரம்தான் சரியாகத் தெரியாத தூரம். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே வாசிப்பார்கள், பார்க்கிறவர்கள் தாளத்துக்கு ஆட்டுகிறார் என்று நினைப்பார்கள். ஸ்டாண்டு தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொண்டால் போதும்.

இடம்

மணிக்குச் சில நூறு ரூபாய் வாடகைக்கு ஜாமிங் ரூம்கள் நகரங்களில் கிடைக்கும், டிரம்ஸும் ஆம்பும் அங்கேயே இருக்கும். மாதம் இரண்டு முறை அங்கே, மற்ற நாளில் யார் வீட்டு ஹாலிலாவது கஹோனோடு. வீட்டில் என்றால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளை நினைவில் வையுங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு இருக்கும் மாதம் எது என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விதியைவிட அது முக்கியம்.

ரிகர்சல்: இங்கேதான் பேண்டு பிழைக்கும் அல்லது போகும்

இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் அது வழக்கமாக இப்படிக் கரையும். முதல் அரை மணி ஒருவர் டிராஃபிக்கில். அடுத்து சுருதி சேர்ப்பு. பிறகு யாராவது "கை சூடாகட்டும், ராஜா சார் பாட்டு ஒண்ணு வாசிக்கலாமா?" என்பார். ஒன்று மூன்றாகும், அதில் ஒருவர் இடையிசை புல்லாங்குழலைக் கீபோர்டில் அப்படியே கொண்டு வந்துவிடுவார், எல்லாரும் கைதட்டுவார்கள். மணியைப் பார்த்தால் இருபது நிமிடம் மிச்சம். சொந்தப் பாட்டு அடுத்த வாரம்.

இதற்கு நாங்கள் வைத்திருக்கும் விதி எளிது: சினிமாப் பாட்டு உண்டு, ஆனால் கடைசிப் பத்து நிமிடம் மட்டும். முழுக்கத் தடை போட்டால் ஆட்கள் வர மாட்டார்கள். முதலில் வைத்தால் வேலை நடக்காது. பஜ்ஜி மாதிரி, முடிந்தபின் கொடுத்தால் எல்லாரும் இருப்பார்கள்.

ஒரு அமர்வுக்கு ஒரு புதுப் பாட்டு, ஒரு பழைய பாட்டு. அதற்கு மேல் எடுக்காதீர்கள். புதுப் பாட்டை முதலில் வாத்தியமே இல்லாமல், தொடையில் தாளம் தட்டிப் பாடிப் பாருங்கள். இது நாலின் நடையா, தெம்மாங்கு போல ஆறெட்டில் ஆடும் நடையா என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு வாத்தியத்தைத் தொடுங்கள். வேகத்தை மெட்ரோனோம் செயலியில் பார்த்துத் தாளின் மேல் எழுதி வைத்துவிடுங்கள். உற்சாகத்தில் எல்லாப் பாட்டும் வாரத்துக்கு வாரம் வேகமாகிக்கொண்டே போகும்.

அப்புறம், வாசிக்காமல் இருக்கப் பழகுவது. புதுக் குழுவில் எல்லாரும் எப்போதும் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். கிடாரும் கீபோர்டும் ஒரே கார்டை ஒரே ஸ்தாயியில் பிடித்தால் குரல் அதற்குள் அமுங்கிவிடும். முதல் சரணத்தில் கீபோர்டு கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும். பல்லவி திரும்பும்போது பேஸ் உள்ளே வரட்டும். இப்படி ஒவ்வொருவராக நுழைந்தாலே பாட்டு வளர்வது போலக் கேட்கும், கூடுதல் திறமை ஒன்றும் வேண்டாம்.

முடிவைத் தனியாகப் பழகுங்கள். பாட்டை முடிக்கத் தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, டிரம்மர் மட்டும் இரண்டு அடி கூடுதலாக அடித்து ஓய்வதை வைத்தே புதுக் குழுவைக் கண்டுபிடித்துவிடலாம். கடைசி வரியிலிருந்து மட்டும் பத்து முறை வாசித்து, சேர்ந்து நிறுத்துங்கள். சைகை கொடுப்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும், அது பாடகராக இருக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு ரிகர்சலையும் போனில் பதியுங்கள். அறையின் நடுவில், ஆம்புக்குப் பக்கத்தில் இல்லாமல். மறுநாள் காலை நடைப் பயிற்சியில் கேட்டால், ரூமில் பிரமாதமாக இருந்தது என்று நினைத்த இடம் எது, உண்மையில் பிரமாதமாக இருந்த இடம் எது என்று தெரியும். இரண்டும் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும்.

சண்டை வரும். வார்த்தையில் கடைசிச் சொல் எழுதியவருக்கு, வாத்தியக் கோர்வையில் கடைசிச் சொல் குழுவுக்கு என்று பிரித்துக்கொண்டால் பாதி அடங்கிவிடும். முப்பது வருடம் ஒரே வேலையில் இருந்து பேர் வாங்கியவர்களுக்கு "இது சரியா வரலை" என்று கேட்பது பழக்கம் விட்டுப்போயிருக்கும். ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டுங்கள், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம்.

பாட்டு யாருடையது?

நண்பர்களுக்குள் எதற்கு இது என்று நினைப்பீர்கள். ஒரு பாட்டு கொஞ்சம் பரவிய பிறகு பேசுவதைவிட இப்போது பேசுவது எளிது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டில் மூன்று தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. வரிகள் இலக்கியப் படைப்பு, எழுதியவருக்கு. மெட்டு இசைப் படைப்பு, இசையமைத்தவருக்கு. ஒலிப்பதிவு தனி, அது தயாரித்தவருக்கு, அதாவது பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குப் பணம் போட்டு ஏற்பாடு செய்தவருக்கு. வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியிட்டதிலிருந்து 60 ஆண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை, படைத்தவுடனே வந்துவிடும். வேண்டுமானால் பதிப்புரிமை அலுவலகத்தில் பதியலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரு பக்கக் கடிதம். இன்ன பாட்டின் வரி இவர், மெட்டு இவர், பதிவுச் செலவை நாலு பேரும் பகிர்ந்தோம், வருமானம் வந்தால் இந்த விகிதம், ஒருவர் விலகினாலும் மற்றவர்கள் அந்தப் பாட்டை மேடையில் வாசிக்கலாம். நாலு கையெழுத்து. கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பதிவு செய்வது

முதல் பதிவைப் பெரிய ஸ்டூடியோவில் செய்யத் தேவையில்லை. இரண்டு மைக் சொருகி ஒலியை லேப்டாப்புக்குக் கொண்டு போகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, ஒரு லேப்டாப், ஆடாசிட்டி அல்லது பேண்ட்லேப் போன்ற இலவச மென்பொருள், இவை போதும். தாளத்தைத் தட்டிக் காட்டும் கிளிக் டிராக்கைக் காதில் வைத்து முதலில் தாளமும் பேஸும், பிறகு கிடார், கீபோர்டு, கடைசியில் குரல். குரலைப் பதிய வீட்டிலேயே நல்ல இடம் துணி தொங்கும் அலமாரிக்கு எதிரே. மின்விசிறியை நிறுத்துங்கள், பிரிட்ஜை அணைத்துவிட்டு மறுபடி போட மறக்காதீர்கள். பதிந்த ஒலிகளை அளவு பார்த்துக் கலக்கும் மிக்சிங்கை மட்டும் பணம் கொடுத்து வெளியே செய்யச் சொல்லுங்கள். சொந்தக் குரலைத் தாங்களே மிக்ஸ் செய்கிறவர்கள் ஒன்று மிகச் சத்தமாக வைப்பார்கள், இல்லை கூச்சப்பட்டுப் புதைத்துவிடுவார்கள்.

மேடை

ஆறு பாட்டு, இருபத்தைந்து நிமிடம். அது தயாரானதும் ஏறிவிடுங்கள். பன்னிரண்டு பாட்டு சேரட்டும் என்று காத்திருந்த குழுக்கள் பல கலைந்தே போயிருக்கின்றன.

முதல் நிகழ்ச்சி ஒரு வீட்டில் இருக்கட்டும், இருபது நண்பர்கள் முன்னால். பிறகு அடுக்குமாடிப் பொங்கல் விழா, கஃபேக்களில் யார் வேண்டுமானாலும் மேடை ஏறக்கூடிய ஓப்பன் மைக். 1982-இல் பிரான்ஸில் தொடங்கிய உலக இசை நாள் ஜூன் 21-இல் வருகிறது, அதையொட்டிப் புதுக் குழுக்களுக்கு இடம் கொடுக்கும் நிகழ்ச்சிகள் பல ஊரில் நடக்கும். மார்ச்சிலேயே கேட்டு வையுங்கள். சாப்பாடு நடக்கும் இடத்தில் மட்டும் சொந்தப் பாட்டு வேண்டாம். கல்யாண வரவேற்பில் புதுப் பாட்டைக் கேட்க யாரும் வருவதில்லை, மாப்பிள்ளையோடு போட்டோ எடுத்துவிட்டுப் பந்திக்குப் போக வருகிறார்கள்.

"ஒரு எஸ்பிபி பாட்டு பாடுங்க சார்" என்று கூட்டத்திலிருந்து குரல் வரும், நிச்சயம் வரும். இதில் ஆளுக்கொரு கொள்கை. என் கட்சி, ஆறு பாட்டு முடியும் வரை கூடாது. நடுவில் ஒரு பிரபலமான பாட்டைப் போட்டால் கூட்டம் எழுந்து ஆடும், அடுத்து வரும் உங்கள் பாட்டு அந்தச் சத்தத்துக்குப் பின் வெறிச்சென்று கேட்கும். சிரித்துக்கொண்டே "கடைசியில பாக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போங்கள். பொது நிகழ்ச்சியில் சினிமாப் பாட்டு வாசிக்க, இசைப் படைப்பாளிகளின் உரிமை அமைப்பான ஐபிஆர்எஸ்ஸின் உரிமம் வேண்டியிருக்கும் என்பதையும் நடத்துபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பவருக்கு உங்கள் பாட்டு புதிது, அதனால் ஒவ்வொன்றுக்கும் முன் இரண்டே வாக்கியம் பேசுங்கள். "எங்க அம்மாவோட மாத்திரை டப்பாவுல ஏழு அறை இருக்கும். இது அந்த டப்பாவைப் பத்தின பாட்டு." அவ்வளவு போதும், சுயசரிதை வேண்டாம். பல்லவி எளிதாக இருக்கும் பாட்டை முதலில் வைத்தால் இரண்டாவது முறை வரும்போதே யாராவது கூடச் சேர்ந்து பாடுவார்கள்.

சவுண்ட் செக்குக்குச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்விடுங்கள். சவுண்டுக்காரரைப் பெயர் கேட்டுக் கூப்பிடுங்கள். உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் "மானிட்டர்ல வாய்ஸ் கொஞ்சம்" என்று சொல்லுங்கள் (மானிட்டர் என்பது உங்களை நோக்கி வைத்த ஸ்பீக்கர்), மைக்கில் கத்தாதீர்கள். ஹவுலிங், அதாவது ஸ்பீக்கர் கீச்சென்று கூவுவது, வந்தால் மைக் ஸ்பீக்கருக்கு எதிரே இருக்கிறது என்று பொருள். மைக்கின் தலையைக் கையால் பொத்தினால் இன்னும் கூவும். மேடைக்கு ஒரு மணி நேரம் முன்பே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள், மாத்திரை நேரமும் தள்ளிப்போக வேண்டாம்.

சினிமா இல்லாமல் யார் கேட்பார்கள் என்று சொல்பவர்களுக்கு: 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக் குழு முதல்முறை மேடை ஏறியபோது பாடியது சொந்தப் பாட்டுகள், திரண்டது பெருங்கூட்டம். அவர்கள் இளைஞர்கள் என்பீர்கள். சரி, அமெரிக்கப் பாடகர் சார்லஸ் பிராட்லியைப் பாருங்கள். பல வருடம் புகழ்பெற்ற பாடகர் ஜேம்ஸ் பிரவுனைப் போல வேடமிட்டு அவர் பாட்டுகளைப் பாடிப் பிழைத்தவர். சொந்தப் பாட்டுகளோடு அவருடைய முதல் ஆல்பம் 2011-இல் வந்தபோது அவருக்கு வயது 62.

வெளியிடுவது

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகச் சேவை ஏதாவது ஒன்றின் வழியாகப் பாட்டை ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் எல்லாவற்றிலும் ஏற்றலாம். பதிவை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண்ணையும் அவர்களே கொடுப்பார்கள். சந்தா கட்டும் சேவையென்றால், நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடுமா என்று முதலிலேயே படித்துப் பாருங்கள். பணம் எதிர்பார்க்காதீர்கள். 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 1000 முறையாவது ஓடியிருந்தால்தான் அதற்கு ராயல்டி கணக்கே ஆரம்பிக்கும். தலைப்பையும் கலைஞர் பெயரையும் தமிழ் எழுத்திலும் கொடுங்கள். வரிகளைக் கூடவே போடுங்கள். புதுப் பாட்டில் ஒரு சொல் புரியாவிட்டால் கேட்பவர் தேடிப் பார்க்க வேறு இடம் இல்லை.

கடைசியாக ஒரு வேலை. இந்த வயதில் ஆள் விலகுவது கோபத்தால் குறைவு. மாற்றல் வரும், மகளுக்குப் பிரசவம் என்று ஆறு மாதம் வெளிநாடு போவார்கள், மூட்டு அறுவை சிகிச்சை இருக்கும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். வரி, கார்டு, கட்டை, வேகம், முடிவு எப்படி, கடைசியாகப் பதிந்த நல்ல ரிகர்சல் ஒலி. எல்லாரும் திறக்கக்கூடிய ஒரே இடத்தில். புதிதாக வருகிறவர் "ஒரிஜினல் டிராக் அனுப்புங்க சார்" என்று கேட்டால், இப்போது அனுப்ப ஒன்று இருக்கும்.